எந்த புரோகிராமிங் மொழியில் வேலை பார்ப்பது? நம் கடற்கரைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், கல்லூரியிலும் தேர்வு முடிகிற நேரம். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆட்கள் வருவது பெரும்பாலும் அந்த 61 நாட்களில்தான். நான் 2009-ல் மென்பொருள் தொழிலுக்கு வந்தேன். விஷுவல் பேசிக், ஜாவா, பைத்தான் என்று மூன்று மொழிகளில் சம்பளம் வாங்கியிருக்கிறேன், நடுவில் பிஎச்பியும் கொஞ்சம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, முதலில் எந்த மொழியைப் படிப்பது?

கல்லூரியில் சேராதவர், அல்லது வேறு பாடம் படிப்பவர் என்றால் பைத்தான். கல்லூரியில் ஏற்கெனவே சி நடத்துகிறார்கள் என்றால் அந்த சி-யையே ஒழுங்காக முடியுங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். முதல் மொழியில் கற்பது அந்த மொழியை மட்டும் அல்ல. ஒரு கணக்கைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, பிழை வந்தால் பதறாமல் எந்த வரி என்று தேடுவது, நேற்று எழுதியதை இன்று படித்துப் புரிந்துகொள்வது, இதெல்லாம் பழக ஆறு மாதமாவது ஆகும். அந்த ஆறு மாதத்தில் மொழியை மாற்றினால் இவற்றில் எதுவும் கையில் நிற்காது.

மொழியை நாம் தேர்ந்தெடுக்கிறோமா, கம்பெனி தருகிறதா?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் வேலைதான் மொழியை முடிவு செய்கிறது. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தால் பயிற்சி கொடுத்து, அந்த நேரத்தில் எந்த புராஜெக்டில் ஆள் தேவையோ அதில் போடுவார்கள். நான் சென்னைக்குப் போனபோது ஜாவா கேட்டு வாங்கவில்லை, அந்தக் குழுவில் இடம் இருந்தது, ஜாவா வந்தது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேளுங்கள்: நான் என்ன செய்ய ஆசைப்படுகிறேன்? பிரவுசரில் ஓடும் பக்கங்கள் என்றால் ஜாவாஸ்கிரிப்டைத் தவிர்க்க வழியே இல்லை, பிறகு அதன்மேல் 2012-ல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த டைப்ஸ்கிரிப்டும் சேரும். ஆண்ட்ராய்டு ஆப் என்றால் கோட்லின், ஏனென்றால் 2019 முதல் கூகுள் அதைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறது. பழைய ஆப்களில் ஜாவா இருக்கும். ஐபோன் என்றால் ஸ்விஃப்ட். தரவு, புள்ளிவிவரம், செயற்கை நுண்ணறிவு என்றால் பைத்தான். வங்கி, காப்பீடு மாதிரி பெரிய அலுவலகக் கணக்கு என்றால் ஜாவா அல்லது சி ஷார்ப். மோட்டார், மீட்டர், கருவிக்குள் இருக்கும் சிப் என்றால் சி. கிளவுடில் சர்வர்களை நடத்தும் வேலை என்றால் கோ மொழி அடிக்கடி வரும், அந்த வேலைக்கான கருவிகளான டாக்கரும் குபெர்னெட்டிஸும் அதில் எழுதப்பட்டவைதான்.

நண்டுக்குப் போகிறவர் நண்டு வலையை ஏற்றிக்கொண்டு போகிறார், சூடைக்குப் போகிறவர் வேறு வலை. கரையில் உட்கார்ந்து எந்த வலை நல்ல வலை என்று யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் மொழி விஷயத்தில் இந்தச் சண்டையை மாதக்கணக்கில் போடுகிறார்கள், அந்த நாட்கள் வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டும் 1995-ல் வந்தவை, அவ்வளவுதான் உறவு. ஜாவா சன் மைக்ரோசிஸ்டம்ஸ் செய்தது. ஜாவாஸ்கிரிப்டை நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் எழுதிக் கொடுத்தார், அப்போது ஜாவாவுக்கு நல்ல பெயர் இருந்ததால் அந்தப் பெயரை ஒட்டி வைத்தார்கள். வேலை விளம்பரத்தில் எது கேட்டிருக்கிறார்கள் என்று கவனமாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எந்த மொழிக்குச் சம்பளம் அதிகம்?

பாம்பன் ஏலத்தில் எந்த மீனுக்கு என்ன விலை என்று முந்தின நாளே சொல்ல முடியுமா? வரத்தும் தேவையும்தான் விலை. ரஸ்ட் என்ற மொழி தெரிந்தவர்கள் குறைவு, நல்ல சம்பளம் தருகிறார்கள் என்பது சரி. ஆனால் அந்த வேலைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே சில வருடம் வேறு மொழியில் பழகியவர்களுக்கானவை. புதிதாக வருகிறவருக்குக் கதவு அதிகம் திறப்பது ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம். முதல் இரண்டு வருடச் சம்பளத்தைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்புறம் வரும் உயர்வு, நீங்கள் எந்தத் துறையின் கணக்கைப் புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சரக்குக் கப்பல் ஆவணங்கள் எப்படி நகர்கின்றன என்று தெரிந்த ஒரு ஜாவாக்காரருக்கு, வெறும் ஜாவா மட்டும் தெரிந்தவரைவிட மதிப்பு அதிகம்.

பழைய மொழியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது?

இது நியாயமான பயம், எனக்கே நடந்திருக்கிறது. என் முதல் வேலை ராமநாதபுரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில், விஷுவல் பேசிக் 6-ல் பில் போடும் மென்பொருள். அந்த மொழிப் பதிப்பு 1998-ல் வந்தது, அதை எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. நான் சேர்ந்தது 2009. இரண்டு வருடம் உழைத்தபின் சென்னையில் நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில்தான் இது எனக்குத் தெரிந்தது. அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருந்த நேரம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால் வயதை வைத்து ஒரு மொழியைத் தள்ளிவிட முடியாது. சி மொழியை 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார், இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் பெரும்பாலும் சி-தான். கோபோல் 1959-ல் தொடங்கியது, இன்னும் வங்கிகளின் உள்ளே கணக்குப் பார்க்கிறது. பிஎச்பி செத்துவிட்டது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், விக்கிப்பீடியாவும் வேர்ட்பிரஸும் அதில்தான் ஓடுகின்றன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் இப்போது பார்ப்பது இரண்டு. ஒன்று, அந்த மொழி ஒரே ஒரு கம்பெனியின் பூட்டிய சரக்கா, அல்லது அதன் மூலநிரல் வெளியே திறந்து கிடக்கிறதா. விஷுவல் பேசிக் 6 பூட்டியது. ஃபிளாஷும் அப்படித்தான், 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதை முடித்துவிட்டது, அதில் விளையாட்டும் விளம்பரமும் செய்து பிழைத்தவர்கள் வேறு வழி தேட வேண்டி வந்தது. ஜாவா ஆரக்கிள் கையில் இருந்தாலும் ஓபன்ஜேடிகே என்று திறந்த வடிவம் இருக்கிறது, ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் நடத்தலாம். இரண்டாவது, நீங்கள் சேரும் இடத்தில் மொழியின் எந்தப் பதிப்பு ஓடுகிறது. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடிந்தது, அதன்பிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். மொழியின் பெயர் புதிதாக இருந்தும் வேலை பழையதாக இருக்கலாம். நேர்முகத் தேர்வில் கடைசியாக “உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா” என்பார்கள். எந்தப் பதிப்பு என்று அப்போது கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் தகராறு. எனக்கு எந்த மொழி ஒத்து வரும்?

பைத்தானில் அந்த மொழிக்கென்றே ஒதுக்கிய சொற்கள் மொத்தம் 35. சி மொழியின் முதல் தரநிலையில் 32. ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்யக்கூடிய அளவு. கஷ்டம் அங்கே இல்லை, பிழைச் செய்திகளையும் கையேடுகளையும் படிப்பதில் இருக்கிறது. ஆனால் அவற்றிலும் அதே நூறு இருநூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டில் பிழைச் செய்தியை எழுதி, பக்கத்தில் அது ஏன் வந்தது என்று தமிழில் எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

தமிழிலேயே நிரல் எழுத வேண்டும் என்று ஆசை இருந்தால் எழில் என்ற மொழி இருக்கிறது, முத்து அண்ணாமலை உருவாக்கியது, பைத்தான்மேல் கட்டியது. வேலைக்கு யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் எட்டாம் வகுப்புத் தங்கச்சிக்கு ‘ஆனால்’, ‘இல்லை’ என்று நிபந்தனை எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது அவள் முகத்தில் வரும் தெளிவு வேறு.

நம் ஊருக்கு ஆப் செய்ய நினைக்கிறேன். தமிழ் எந்த மொழியில் நன்றாக வரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எல்லா மொழியிலும் வரும், ஆனால் ஒவ்வொன்றும் தமிழை ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது.

‘மீன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு துண்டு. அதை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் துண்டுக்கு மூன்று பைட் வீதம் 12 பைட். பைத்தானிடமும் ஜாவாவிடமும் ஜாவாஸ்கிரிப்டிடமும் நீளம் கேட்டால் 4 என்று சொல்லும். கோ மொழியிடமும் ரஸ்டிடமும் நேராகக் கேட்டால் 12 என்று சொல்லும். ஸ்விஃப்ட் மட்டும் 2 என்று சொல்லும், நம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் எண்ணுகிற மாதிரி.

இது ஏதோ படிப்பாளிகளின் விவகாரம் என்று நினைக்காதீர்கள். ஒரு மீன் ஏலக்கடைக்கு நான் சீட்டு அச்சிடும் நிரல் எழுதினேன். ஊர்ப்பெயருக்கு 12 இடம் ஒதுக்கினேன், நம் ஊர்களில் எட்டு எழுத்துக்கு மேல் அதிகம் போகாது, 12 தாராளம் என்று நினைத்தேன். பாம்பன் சரியாக வந்தது, மண்டபம் சரியாக வந்தது. பெரியபட்டினம் மட்டும் ‘பெரியபட்டினம’ என்று புள்ளி இல்லாமல் வந்தது. எட்டெழுத்துதான், ஆனால் துண்டுக் கணக்கில் 13. கடைசித் துண்டு அந்தப் புள்ளி, அது வெட்டுப்பட்டுப் போனது. சீட்டை வாங்கிய பெரியவர் ஒருவர், “எங்க ஊர்ப் பேரையே தப்பா போட்டிருக்கியே தம்பி” என்றார். அன்றிலிருந்து தமிழ்ச் சொல்லை வெட்டும் இடத்தில் எல்லாம் எழுத்து எல்லை பார்த்துத்தான் வெட்டுகிறேன். பைத்தானில் ஓபன்-தமிழ் என்ற நூலகம் சொல்லை நம் எழுத்துகளாகப் பிரித்துத் தரும், அதைப் பயன்படுத்துங்கள். தரவுத்தளத்தில் இடம் ஒதுக்கும்போது தாராளமாக ஒதுக்குங்கள்.

எஸ்கியூஎல் ஒரு மொழியா? அதையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம். எந்தப் பக்கம் போனாலும் தரவு எங்கேயோ ஓர் அட்டவணையில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த அட்டவணையிடம் கேட்டுத் தரவை வாங்கும் மொழிதான் எஸ்கியூஎல். 1970-களில் ஐபிஎம்மில் பிறந்தது, என் மற்ற மொழிகள் மாறிக்கொண்டே இருந்தபோதும் இது மட்டும் கூடவே வந்தது.

ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதத்தில் ஏழு மொழி சொல்லித் தருகிறேன் என்கிறார்கள். சேரலாமா?

வேண்டாம். என் சித்தி மகன் அப்படி ஒன்றில் 40,000 ரூபாய் கட்டினான், சித்தி சங்கிலியை அடகு வைத்த பணம். முடித்து வந்தவனிடம் ஒரு பட்டியலில் இருக்கும் எண்களில் எது பெரியது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன், ஏழு மொழியில் எதிலும் வரவில்லை. தவறு அவனுடையது இல்லை, மூன்று மாதத்தில் அது யாருக்கும் வராது. பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பைத்தானை மட்டும் எட்டு மாதம் பார்த்தோம், இப்போது மதுரையில் வேலையில் இருக்கிறான்.

சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: முடிக்கும்போது நானே செய்து முடித்த ஒரு வேலை என் கையில் இருக்குமா, சொல்லித்தருபவர் இந்த மொழியில் எங்கே வேலை பார்த்தார், பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா. பயோடேட்டாவிலும் ஏழு மொழி எழுதாதீர்கள். ஒன்றை எழுதி, அதில் செய்த ஒன்றைக் காட்டுங்கள்.

ஜாவாவில் ஐந்து வருடம் ஆகிவிட்டது, பைத்தானுக்கு மாறலாமா?

மாறலாம், நான் மாறினேன். எழுத்து முறை பழக மூன்று வாரம் ஆனது, பழக்கம் மாற ஆறு மாதம் ஆனது. ஆறு மாதமும் நான் பைத்தானில் ஜாவாவைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், பத்து வரியில் முடிய வேண்டியதை நாற்பது வரியில்.

பாம்பன்காரர்களுக்கு இது புரியும். வாடைக் காற்று எழும்பினால் வடகடலில் அலை அடிக்கும், படகைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் மறுபடி மாறும். வடகடல் ஆழம் குறைந்தது, தென்கடல் அப்படியில்லை, நீரோட்டமும் வேறு. ஆனாலும் வலை பின்னத் தெரிந்தவர் அங்கே போய் முதலில் இருந்து தொடங்குவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மாறும்போது துறையையும் சேர்த்து மாற்றாதீர்கள். வங்கி மென்பொருளில் இருந்தவர் வங்கி மென்பொருளிலேயே மொழியை மட்டும் மாற்றினால் பழைய அனுபவம் கணக்கில் வரும், சம்பளமும் இறங்காது.

ஊரிலேயே இருந்து வேலை பார்க்க எந்த மொழி?

ஒரு லேப்டாப்பும் இணையமும் மட்டும் போதும் என்கிற வேலைகள்: ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, பைத்தான். சிப் பக்கம் சி எழுதுகிறவருக்குக் கருவிகளோடு ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும், வீட்டிலிருந்து கஷ்டம்.

ஆனால் முதல் இரண்டு வருடத்தை வெளியூரில், ஆட்களோடு உட்கார்ந்து வேலை பாருங்கள் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து நாற்காலிக்காரர் பிழையை எப்படித் தேடுகிறார் என்று பார்த்துக் கற்றது வீடியோ அழைப்பில் வராது. பாம்பன் ரயில்பாலம் மூடியிருந்த 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்து வீடு வந்தோம், இப்போது புதுப் பாலத்தில் ரயில் நேராக வருகிறது, வந்துபோவது அவ்வளவு பெரிய பாடு இல்லை. ஊருக்குத் திரும்பியபின் மழைக்காலத்துக்கு ஒரு இன்வெர்ட்டரும், இரண்டு வேறு கம்பெனி இணைய இணைப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையில் இருந்து: மச்சான் துபாயில் இருக்கிறார். அங்கே போக எது நல்லது?

அங்கே இருக்கும் என் நண்பர்கள் ஜாவா, சி ஷார்ப், இல்லையென்றால் பெரிய நிறுவனங்கள் கணக்குவழக்கு பார்க்கும் சாப் மென்பொருளில் இருக்கிறார்கள். சாப்புக்கு ஏபாப் என்று தனி மொழி, அந்த மென்பொருளை விட்டு வெளியே அது உதவாது, தெரிந்தே இறங்குங்கள். இங்கே மூன்று வருட அனுபவத்தோடு போனால் பேரம் பேச முடியும்.

நிரலை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதிவிடுகிறதே, இனி மொழி எதற்கு?

நானும் தினமும் பயன்படுத்துகிறேன். எழுதுகிற நேரம் குறைந்திருக்கிறது, படிக்கிற நேரம் கூடியிருக்கிறது. அது தரும் நாற்பது வரியில் எந்த வரி தவறு என்று சொல்ல அந்த மொழி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே ஏலக்கடை நிரலை அண்மையில் ஏஐயிடம் எழுதச் சொன்னேன், அதுவும் ஊர்ப்பெயரைத் துண்டுக் கணக்கில்தான் வெட்டியது. பெரியபட்டினத்தை எனக்குத் தெரியும் என்பதால் கண்ணில் பட்டது.

பழக என்ன செய்து பார்ப்பது?

வீட்டில் இருப்பதை எடுங்கள். ஒரு படகின் ஒருநாள் கணக்கு: மீன் விற்ற பணம், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, மீதியில் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு. இதை நிரலாக எழுதினாலே கூட்டல், வகுத்தல், நிபந்தனை, அட்டவணை, தேதி எல்லாம் வந்துவிடும். சரியா தவறா என்று சொல்ல அப்பா இருக்கிறார். அது முடிந்ததும், கடன் வாங்கிய முன்பணத்தைப் பங்கில் கழிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே கணக்கு உண்மையிலேயே கடினமாகும்.

தம்பி, பிள்ளைக்கு லேப்டாப் எவ்வளவில் வாங்குவது?

பைத்தானும் வலைப்பக்கமும் படிக்க 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் இருந்தால் போதும், நல்ல நிலையில் இருக்கும் பழையதும் வாங்கலாம். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுவதற்கு 16 ஜிபி வேண்டும். ஐபோன் ஆப் என்றால் மேக் இல்லாமல் முடியாது, அதனால் தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். வாங்கியபின் கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், உப்புக்காற்றில் யுஎஸ்பி முனைகள் பச்சை பிடித்துவிடும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்துப் பையில் போட்டு பீரோவுக்குள் வையுங்கள்.